பதினேழாம் துளையின் பதிமூணாவது முடிச்சு

ஆலுவாவில் ஆத்தோரமா நிக்கிற நாலு பெரிய கட்டிடங்களுக்கு அடியில பாறை வரைக்கும் துளை போட்டவன் நான். எர்ணாகுளத்துல ஒரு சதுப்பு, கால் வைச்சா முட்டி வரைக்கும் போகும், இங்கே ஒண்ணும் நடக்காதுன்னு ரெண்டு பெரிய கான்ட்ராக்ட்காரன் மிஷினைக் கட்டிக்கிட்டுப் போன இடம், அங்கே பழைய லாரி இன்ஜினைக் கழட்டி விஞ்ச் செஞ்சு தூண் இறக்கிக் காட்டினேன். இடக்கொச்சியில சுத்திலும் உப்புத் தண்ணி, நடுவுல ஐஸ் பேக்டரிக்கு நல்ல தண்ணி எடுத்துக் கொடுத்தேன். கேரளத்து மலையில ஏழு அணைக்கட்டுக்கு வயித்துக்குள்ளே போய் அஸ்திவாரத்துல வடிகால் துளை போட்டிருக்கேன். படிப்பு நாலாங்கிளாஸ். இடது கையில ரெண்டு விரலை மிஷின் எடுத்துக்கிச்சு, மீதி எட்டை வச்சுத்தான் இவ்வளவும். மட்டாஞ்சேரியில ஓலைக் கூரைக்குக் கீழே பொறந்தேன், அதே தெருவுல இன்னைக்கு ரெண்டு மாடி. டிரில் காதர் வீடு எதுன்னு கேட்டா ஆட்டோக்காரன் கண்ணை மூடிக்கிட்டுக் கொண்டுவந்து விடுவான்.

பெருமைக்குச் சொல்லலை. சரி, பெருமைக்கும்தான். ஆனா முக்கியமா எதுக்குச் சொல்றேன்னா, நாற்பது வருஷம் பூமிக்குள்ளே கையை விட்டுக்கிட்டே இருந்தவன் நான். பள்ளிவாசல் முக்குல சாயா குடிக்கிறப்போ எங்க ஆளுங்க ஜின்னு, பேயின்னு ஆரம்பிச்சா, "இவ்வளவு தோண்டியிருக்கேன், ஒண்ணுகூட வெளியே வரலையேடா"ன்னு சிரிப்பேன். அப்படிப்பட்டவன் சொல்றேன். நம்பினா நம்புங்க, நம்பாட்டி உங்க இஷ்டம். ஆனா பாதி கேட்டுட்டு எழுந்து போகாதீங்க. பாதி கேட்டவங்கதான் ஒரு ரிப்போர்ட் எழுதியிருக்காங்க, அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல வடிகால் துளைன்னா என்னன்னு சொல்லிடறேன், படிச்சவங்களுக்கே இது புரியலை.

கொச்சியில வீடு கட்டினவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். புது வீட்டுக்குத் தரைக்கடியில கான்கிரீட் தொட்டி கட்டுவோம். தண்ணி ரொப்பாம காலியா விட்டுட்டா ஜூன் மழையில அது மண்ணைப் பிளந்துக்கிட்டு மேலே வரும். என் தம்பி வீட்டுலயே வந்துச்சு. காலையில எழுந்து பார்த்தா முற்றத்துல தோணி மாதிரி நிக்குது. அவ்வளவு கனமான தொட்டி. கீழேயிருந்து தண்ணி தள்ளினா கனம் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

அணையும் அதேதான். முன்னாடி மலை அளவு தண்ணி நிக்குது, அது பாறை இடுக்கு வழியா அணைக்கு அடியில போய் மேலே தூக்கப் பார்க்கும். தூக்கினா அணையோட கனம் குறையும், கனம் குறைஞ்சா முன்னாடி இருக்கிற தண்ணி அதைத் தள்ளிக்கிட்டுப் போகும். அதனால அணைக்குள்ளேயே கேலரின்னு ஒரு சுரங்கப் பாதை விட்டு, அதோட தரையிலிருந்து பாறைக்குள்ளே வரிசையா துளை போடுவோம். அடியில வர்ற தண்ணி அந்தத் துளை வழியா மேலே வந்து ஓடையில போயிடும், அணை தன் கனத்தோட உட்கார்ந்திருக்கும். அதாவது துளையில தண்ணி வந்தா நல்லது. காய்ஞ்சு கிடந்தா பயப்படணும். உலகத்துல பாதிப்பேர் இதைத் தலைகீழா நினைக்கிறான், அதுல சில பேர் ஆபீசர்.

நான் சொல்லப்போற அணையோட பேரு வேண்டாம். அணையைத் துண்டு துண்டாத்தான் கட்டுவாங்க, அதுல ஒன்பதாம் துண்டு, ஒன்பதாம் பிளாக்குல பதினொண்ணுல இருந்து பதினேழு வரைக்கும் ஏழு துளை. போட்டது நானும் வறீதும்.

வறீது இடக்கொச்சிக்காரன், மீன்பிடிக்கிற குடும்பம், என்னைவிட மூணு வயசு சின்னவன். என்னைக் காதரிக்கான்னு, அதாவது காதர் அண்ணேன்னு கூப்பிடுவான், கூப்பிட்டுட்டு மரியாதையில்லாத எல்லாத்தையும் சொல்லுவான். துளையோட ஆழத்தை அளக்க மத்தவங்க கம்பி வச்சிருந்தாங்க, இவன் அப்பனோட வலையில இருந்து ஒரு பருத்திச் சரடு எடுத்து, நுனியில கால் கிலோ ஈயக்குண்டு கட்டி, அஞ்சு அடிக்கு ஒரு முடிச்சுன்னு பன்னெண்டு முடிச்சு போட்டு வச்சிருந்தான். துளை அறுபது அடி, அதனால பன்னெண்டு. இறக்கி, எண்ணி, சரியா இருந்தா சரடோட மேல்நுனியில இன்னொரு முடிச்சு போடுவான், வலை பின்னி முடிக்கிறப்போ அவங்க ஆளுங்க போடுற முடிச்சு. அது விழுந்தா அளந்து முடிஞ்சதுன்னு அர்த்தம். அடுத்த துளைக்கு இறக்கிறதுக்கு முன்னாடி அதை மட்டும் அவிழ்த்துடுவான். ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்தான், என் மூணு விரலுக்கு அது வரலை. "காதரிக்காக்கு முண்டு உடுக்கவே ஆள் வேணும், இதுல முடிச்சா"ம்பான்.

இன்னொண்ணு. கேலரிக்குள்ளே மிஷின் ஓடினா பக்கத்துல நிக்கிறவன் கத்தினாலும் கேக்காது. ஸ்பானரால துளை போடுற ராடு மேல தட்டித்தான் பேசிக்குவோம். ஒரு தட்டு, நிறுத்து. ரெண்டு தட்டு, இறக்கு. மூணு தட்டு, தண்ணி வந்தாச்சு.

இப்போ, நாற்பது வருஷமா யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு. பதினேழாம் துளை முடிஞ்ச அன்னைக்கு நான் அங்கே இல்லை. கம்ப்ரஸர் புகையில தலைவலின்னு சாயா குடிக்க வெளியே போயிட்டேன். திரும்பி வந்தா வறீது வெறுங்கையோட நின்னு சிரிக்கிறான். "காதரிக்கா, சரடு போயி." முடிச்சு போடாத நுனி, கையிலிருந்து வழுக்கித் துளைக்குள்ளே போயிடுச்சு. "பன்னெண்டு ராடு எறங்குச்சு, நான் எண்ணினேன்"ன்னான். ராடு ஒண்ணு அஞ்சு அடி, கணக்கு சரிதான். எழுதுடான்னேன். ரிஜிஸ்டர்ல துளை போட்டவர்னு என் பேரு, அளந்தவர்னு அவன் கையெழுத்து, ஆழம் அறுபது. தண்ணி வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு, நான் கண்ணால பார்த்தேன். ஆனா தண்ணி இருபது அடியிலயும் வரும்.

வறீது செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. கல்லுப்பொடி நெஞ்சுல கட்டிக்கிச்சு. மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு வேலை செஞ்ச காலம் அது, எனக்கு ஒண்ணும் ஆகலை, அவனுக்கு ஆச்சு. இடக்கொச்சி சர்ச்சுல அவன் சவப்பெட்டியை ஒரு மூலையில நான் தூக்கினேன்.

போன மழைக்கு முன்னாடி அந்த அணையிலிருந்து போன் வருது. புது ஏ.இ., அதாவது அசிஸ்டென்ட் இன்ஜினீயர், முப்பது வயசு இருக்கும். "காதரிக்கா அல்லே?", அதாவது காதரிக்காதானேன்னு, தேன் மாதிரி ஆரம்பிச்சார். விஷயம் இதுதான். ஒன்பதாம் பிளாக்குல அடியிலிருந்து தூக்குற அழுத்தம் ஏறிக்கிட்டே போகுது, மேலேயிருந்து கேள்வி வருது. ஏழு துளையும் வருஷக்கணக்கா காய்ஞ்சு கிடக்குது. இவர் கம்பியை விட்டுப் பார்த்தார், அரை அடியில முட்டுது. "அரை அடி தோண்டிட்டு அறுபதுன்னு எழுதியிருக்கீங்க இக்கா."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிச்சு. அரை அடி! அரை அடி துளை என் பேத்தி கரண்டியால போடுவா.

நான் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருந்துட்டு அவர் சொன்னார், "உங்களைக் குத்தம் சொல்லலை. அளந்தவர்னு கையெழுத்து வேற ஆளோடது. அவர் தப்பா அளந்தார்னு ஒரு கடிதத்துல நீங்க கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சது. அவர்தான் மரிச்சுப் போயிட்டாரே, யாருக்கு நஷ்டம்?"

யாருக்கு நஷ்டமாம். மறுநாள் காலையில உளியும் சுத்தியலும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். எழுபத்தி மூணு வயசு, முட்டிவலி, மூணு பஸ் மாறினேன்.

கேலரிக்குள்ளே இறங்கறப்போ காலையில பதினொரு மணி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்குது. உள்ளே எப்பவும் ஒரே குளிர், சுவரெல்லாம் வேர்த்துக்கிட்டு, வரிசையா பல்பு. நான், ஏ.இ., குஞ்சுமோன்னு அணைக்காவல் பார்க்கிற ஒரு பழைய லஸ்கர், மூணு பேர்தான். ஒன்பதாம் பிளாக் வந்ததும் காலுக்கடியில சத்தமே இல்லை. மத்த இடத்துல ஓடையில சலசலன்னு ஓடுது, இங்கே துடைச்சு வச்ச மாதிரி தரை. ஏ.இ. பெருமையா, "பாருங்க இக்கா, இந்த இடம் எவ்வளவு சுத்தமா இருக்கு"ங்கிறார். நெஞ்சு வலியில கத்தினவன் திடீர்னு சும்மா கிடந்தா, அடங்கிட்டான்னு சந்தோஷப்படுவீங்களா?

குந்தி உட்கார்ந்து பதினேழாம் துளைக்குள்ளே உளியை விட்டுச் சுரண்டினேன். துளை தானா அடைஞ்சா வெள்ளைச் சுண்ணாம்பு படியும், நகத்தால கீறினா உதிரும். இங்கே மேலாப்புல வெள்ளை, அதுக்குக் கீழே சாம்பல் நிறம். "சாரே, இது சிமெண்ட். யாரோ அடைச்சிருக்கான்."

"யாரு அடைப்பாங்க இக்கா? ஆதாரம் வேணும்."

குஞ்சுமோன் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கிட்டு நின்னான்.

அப்பதான் கரண்ட் போச்சு. ஏ.இ. ஜெனரேட்டரைப் பார்க்கணும்னு குஞ்சுமோனைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பினார். போறப்போ அந்தக் கடிதத்தையும் ஒரு பேனாவையும் என் சட்டைப் பையில வச்சார். "இருட்டுல பயமில்லையே இக்கா?"

"இதுக்குள்ளே உட்கார்ந்து சோறு தின்னவன் நான். நீங்க படியில பார்த்துப் போங்க சாரே, விழுந்தா அதுக்கும் வறீதுதான் காரணம்னு எழுதிடப் போறீங்க."

அவங்க போயாச்சு. கையில சின்ன டார்ச் ஒண்ணு. உளியை எடுத்தேன், வைச்சேன். உண்மையைச் சொல்றேன், அந்த நேரத்துல என் மனசு வேற பக்கம் போச்சு. ஒருவேளை அன்னைக்கு இவன் பத்து ராடுல நிறுத்திட்டானோ? நான்தான் பார்க்கலையே. சரடு நழுவிடுச்சுன்னு சொன்னது, அளக்க வேண்டாமேன்னு இவனே விட்டதோ? இந்தத் துளையை நானே உடைச்சு, அதுல இருபது அடி இருந்தா? அடைஞ்சே கிடக்கட்டும், செத்தவன்தானேன்னு, ஆமாம், நானும் அதே வார்த்தையை நினைச்சேன், கை சட்டைப் பைக்குப் போச்சு. பேனா மூடியைக் கழட்டிட்டேன்.

டக் டக் டக்.

காலுக்குக் கீழே. இரும்பு மேல இரும்பு பட்ட சத்தம்.

கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. அப்புறம் மறுபடி, டக் டக் டக். அந்தத் தட்டுல ஒரு வழக்கம் இருக்கு, ரெண்டு சேர்ந்தாப்புல, மூணாவது கொஞ்சம் தாமதிச்சு. வறீது அப்படித்தான் தட்டுவான், மூணாவது தட்டுக்கு முன்னாடி என் முகத்தைப் பார்ப்பான், தண்ணி வந்துச்சேன்னு சிரிப்பான்.

டார்ச் கையிலிருந்து விழுந்துச்சு. "வறீதே"ன்னு கூப்பிட்டேனா, மனசுல நினைச்சேனான்னு இன்னைக்கும் தெரியலை. மூணாவது தடவை வந்தப்போ உளி என் கையில இருக்கு, நான் அடிச்சுக்கிட்டிருக்கேன். எத்தனை அடி அடிச்சேனோ. சிமெண்ட் விட்டுச்சு, அதுக்குக் கீழே சாக்கு, அதுக்குக் கீழே மரக்கட்டை, அந்தக் கட்டை தானா மேலே தெறிச்சு என் தோள்ல பட்டுச்சு, பின்னாடியே தண்ணி. நெஞ்சு உயரத்துக்கு. என்னை மல்லாக்கத் தள்ளிடுச்சு.

தரையில கிடக்கிற டார்ச் வெளிச்சத்துல, தண்ணியோட கூட ஒண்ணு நெளிஞ்சு வருது. விலாங்கு மீன்னுதான் நினைச்சேன். பிடிச்சேன். சரடு.

இழுத்தேன். ஒவ்வொரு முடிச்சா வருது, முத்து மாதிரி சுண்ணாம்பு கட்டின முடிச்சு. கடைசியில ஈயக்குண்டு.

பல்பு எரிஞ்சது. ஏ.இ. ஓடி வர்றார், முழங்கால் வரைக்கும் பேன்ட் நனைஞ்சு போச்சு, "இக்கா, என்ன செஞ்சீங்க, என்ன செஞ்சீங்க"ங்கிறார். அவரோட டேப்பையே இறக்கச் சொன்னேன். அறுபது அடி, மேலே ஒரு சாண். அவர் டேப்பைச் சுருட்டினார். நான் பேனாவுக்கு மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ரெண்டு நாள் அங்கேயே தங்கி மத்த ஆறையும் திறந்தோம், ஆறும் அறுபது. அழுத்தம் காட்டுற முள்ளு ஒவ்வொரு துளைக்கும் இறங்கறதை அவரே பார்த்து எழுதிக்கிட்டார்.

குஞ்சுமோன் அப்புறம் சொன்னான். பல வருஷம் முன்னாடி மேலிடத்திலிருந்து ஒரு பெரிய ஆபீசர் கேலரி பார்க்க வர்றார்னு சொன்னாங்களாம், ஒன்பதாம் பிளாக்குல தண்ணி தேங்குது, அவர் ஷூ நனையும், ஒரு நாளைக்கு மட்டும் அடைச்சு வைங்கன்னு அப்போ இருந்தவர் உத்தரவு. அடைச்சாங்க, பூசினாங்க, பெயிண்டும் அடிச்சாங்க. அந்த ஆபீசர் வரவே இல்லை. உத்தரவு போட்டவர் மாத்தலாகிப் போயிட்டார். திறக்கச் சொல்ல ஆளில்லை. ஒரு ஜோடி ஷூவுக்காக, அதுவும் வராத ஷூவுக்காக, ஒரு அணையை என் தம்பி வீட்டுத் தொட்டி மாதிரி விட்டு வச்சிருந்தாங்க. அதுக்குக் கீழே எத்தனை ஊர் இருக்குன்னு நினைச்சுப் பாருங்க.

தட்டின சத்தத்தைச் சொன்னேன். "அடைச்ச காத்து இக்கா, பிரஷர்ல அப்படித்தான் கேக்கும்"ன்னார் ஏ.இ. காத்துக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியுமா சாரேன்னு கேட்டேன். சரடு மேலே வந்ததுக்கும் தண்ணி தள்ளிச்சுன்னு சொன்னார். சரி, அதை ஒத்துக்கிறேன். நானும் தண்ணியை அறிஞ்சவன்தான். பருத்திச் சரடு நாற்பது வருஷம் மக்காம இருக்குமான்னா, காத்துப் படாத இடத்துல இருக்கும்னார். அதையும் ஒத்துக்கிறேன்.

அப்புறம் வெளியே வெயில்ல சரடைத் தரையில நீட்டி வச்சு அவரே முடிச்சை எண்ணினார். "பதிமூணு இருக்கே இக்கா, பன்னெண்டுன்னீங்க?"

பார்த்தேன். கீழேயிருந்து பன்னெண்டு முடிச்சும் வெள்ளையா சுண்ணாம்பு கட்டிக் கிடக்கு, சரடும் அப்படியே. மேல்நுனியில ஒண்ணு. அதுல ஒரு பொட்டு சுண்ணாம்பு இல்லை. இப்போதான் இறுக்கின மாதிரி சுத்தமா இருக்கு. வலைக்காரங்க போடுற முடிச்சு. அளந்து முடிஞ்சதுன்னு போடுற முடிச்சு.

அந்த நுனியில முடிச்சு இல்லாததாலதான் சரடே உள்ளே போச்சு. இதை மூணு தடவை சொன்னேன். ஏ.இ. சிரிச்சுக்கிட்டே, "இருட்டுல நீங்களே போட்டிருப்பீங்க இக்கா, பதட்டத்துல மறந்துட்டீங்க"ன்னார். என் இடது கையை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். இந்தக் கையாலயா? சரி, உங்க பத்து விரலால ஒண்ணு போட்டுக் காட்டுங்கன்னேன். அரை மணி நேரம் முயற்சி பண்ணினார்.

வீட்டுக்கு வர்ற வழியிலேயே இடக்கொச்சியில இறங்கி வறீதோட பொஞ்சாதி திரேசியாகிட்ட காட்டினேன். ஒரு வார்த்தை சொல்லலை, சரடை மட்டும் மடியில வச்சேன். கண்ணு சரியா தெரியாது அவளுக்கு. விரலால ஒவ்வொண்ணா தடவிக்கிட்டே வந்தா, கடைசி முடிச்சுல நின்னா. "இக்கா, இது அவரு கெட்டு அல்லே? எப்போ கெட்டினது, நனைவு மாறலையே"ன்னா. முடிச்சைத்தான் கெட்டும்பா, ஈரம் காயலையேங்கிறா. நான் எழுந்து வெளியே வந்துட்டேன்.

சரடு என் வீட்டுலதான் ஆணியில தொங்குது. எல்லாம் காய்ஞ்சு போச்சு. அந்த ஒண்ணு மட்டும் எப்போ தொட்டாலும் விரல் குளிருது. கடல்காத்துன்னு என் மருமகன் சொல்றான். அதே ஆணியில தொங்குற மத்த பன்னெண்டுக்குக் கடல்காத்து இல்லையா?

சரி, இதை விடுங்க. பயந்துட்டு இதைச் சொல்லலை, கோபத்துல சொல்றேன், மருமகன் எழுதிக்கிறான். போன மாசம் குஞ்சுமோன் அந்த ரிப்போர்ட்டைப் போன்ல அனுப்பினான், என் மருமகன் வாசிச்சுக் காட்டினான். துறை அதிகாரிகளோட ஆய்வுல அடைப்பு கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டதாம். துறை அதிகாரிகளோட ஆய்வு! அந்த நேரத்துல ஏ.இ. ஜெனரேட்டர் பார்க்கப் போயிருந்தார். டிரில் காதர்னு ஒரு எழுத்து இல்லை. வறீது பொய்க் கணக்கு எழுதலைன்னு ஒரு வரி இல்லை. அவனைத் திருடன்னு சொல்லப் பேப்பர் தயாரா இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மட்டும் பேப்பர் இல்லை.

அதனால சம்பந்தப்பட்டவங்க யாராவது இதைப் படிச்சா, அந்த ரிஜிஸ்டரை எடுங்க. ஒன்பதாம் பிளாக், பதினேழாம் துளை, புதுசா ஒரு வரி எழுதுங்க. ஆழம் அறுபது அடி. துளை போட்டவர் காதர், மட்டாஞ்சேரி. அடைப்பைத் திறந்தவர், அதுவும் காதர்தான், பெரிய எழுத்துல எழுதுங்க. அளந்தவர் வறீது, இடக்கொச்சி.

அளந்த தேதின்னு ஒரு கட்டம் இருக்கும். அதை மட்டும் காலியா விட்டுடுங்க.